அப்பக் கடைக் கதை தெரிந்தும் கோட்டைவிட்ட பாடம்

யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி ஒருவரின் கேள்விக்கு எழுதும் பதில் இது. கணினிக் கட்டமைப்புப் பாடத்தின் இடைப் பரீட்சையில் அவருக்கு 31 புள்ளி. விரிவுரை நடக்கும்போது எல்லாம் விளங்குகிறது, வினாத்தாளைக் கண்டதும் கை ஓடுவதில்லை என்கிறார். கடந்தகால வினாத்தாள்களைப் பாடமாக்கினால் போதும் என்று மூத்த மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் எழுதப்போகிற தனக்கு இந்தப் பாடம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். இதே பாடத்தில் ஒருமுறை சித்தியடையாமல் போனவன் நான். மறுபரீட்சை எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சீ தரத்துக்கு மேல் கிடைக்காது என்பது எங்கள் காலத்து விதி. அந்தச் சீயோடுதான் கரையேறினேன். பிறகு நான்கு வருடம் இதே பாடத்தின் செய்முறை வகுப்புகளில் தற்காலிக உதவியாளராக நின்று, பயிற்சித்தாள் திருத்தினேன். ஆகவே கோட்டைவிட்டவனின் பக்கமும் தெரியும், சிவப்புப் பேனை பிடித்தவனின் பக்கமும் தெரியும்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய சொல் "விளங்குகிறது" என்பதுதான். எனக்கும் எல்லாம் விளங்கித்தான் இருந்தது. கொக்குவிலில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். அதில் ஒருவன் பைப்லைன் என்றால் என்னவென்று அப்பக் கடையை வைத்து விளக்கினான். மாலையில் ஓர் அம்மா வரிசையாக ஐந்து அடுப்பு மூட்டி ஐந்து சட்டி வைத்திருப்பார். முதற்சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி மூடுவார். அது வேகும்வரை காத்திருக்காமல் இரண்டாவதில் ஊற்றுவார். மூன்றாவதில் மாவை ஊற்றும் நேரத்தில் முதலாவதற்குப் பால் விட்டிருப்பார். ஓர் அப்பம் வேகும் நேரம் ஒரு நொடியும் குறையவில்லை; ஆனால் நிமிடத்துக்கு வெளியே வரும் அப்பங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. புரொசெசரும் இதையேதான் செய்கிறது, முடிந்தது கதை என்றான். அருமையான விளக்கம். அன்றிரவு பாடம் முழுவதும் கைக்குள் வந்துவிட்டதாக நம்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சையில் ஆறு கட்டளைகளைத் தந்து, இவை முடிய எத்தனை கடிகாரத் துடிப்புகள் (புரொசெசர் ஒவ்வோர் அடியாக வேலை செய்யும் நேர அலகு) தேவை என்று கேட்டார்கள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பைப்லைன் ஏன் நல்லது, அதில் என்ன இடர்கள் வரும், அவற்றை எப்படித் தீர்ப்பார்கள் என்றெல்லாம். எண் ஒன்றைத்தான் எழுதவில்லை. இருபதுக்கு இரண்டு கிடைத்தது. அந்த இரண்டும் இரக்கத்தில் போட்டது என்று, திருத்தும் வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

கதையாகத் தெரிவது வேறு, கட்டம் போடத் தெரிவது வேறு. மற்றப் பாடங்களில் முதலாவது இருந்தால் அரைவாசிப் புள்ளியாவது தேறும். இந்தப் பாடத்தில் தேறாது. இங்கே நீங்களே சில நிமிடங்களுக்கு அந்த இயந்திரமாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் எது எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அப்பக் கடை உவமை அதற்கு உதவாது. சட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, அம்மாவின் கைதான் நகர்கிறது; பைப்லைனில் நகர்வது கட்டளை. இரண்டாவது அப்பத்துக்கு முதலாவது அப்பத்திலிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை, கட்டளைகளுக்குத் தேவைப்படும். பரீட்சைக் கேள்விகள் எல்லாம் உவமை முறிகிற அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஒன்றைச் சேர்ந்து செய்து பார்ப்போம். வழக்கமான ஐந்து நிலைப் பைப்லைன்: கட்டளையை எடுத்தல், அதைப் பிரித்தறிந்து பதிவகங்களை (புரொசெசருக்குள்ளேயே எண்களை வைத்திருக்கும் சிறு இடங்கள்) வாசித்தல், கணித்தல், நினைவகத்தை அணுகுதல், விடையைப் பதிவகத்தில் எழுதுதல். முதற்கட்டளை நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை ப1 என்ற பதிவகத்தில் ஏற்றுகிறது. இரண்டாவது, ப1ஐயும் ப2ஐயும் கூட்டி ப3இல் வைக்கிறது. கட்டக் கொப்பி ஒன்றை எடுத்து, மேலே துடிப்புகளை 1, 2, 3 என்று எழுதி, இடப்பக்கம் கட்டளைகளை எழுதுங்கள். முதலாவது கட்டளை 1இல் எடுக்கப்பட்டு, 2இல் பிரிக்கப்பட்டு, 3இல் நினைவக முகவரியைக் கணித்து, 4இல் நினைவகத்துக்குப் போய், 5இல் ப1இல் எழுதுகிறது. இரண்டாவது ஒரு கட்டம் தள்ளி 2இல் தொடங்குகிறது, 3இல் பிரிப்பு, 4இல் கூட்ட வேண்டும். இங்கே பென்சிலை நிறுத்துங்கள். 4இன் தொடக்கத்தில் ப1இன் பெறுமானம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது 4ஆம் துடிப்பின் முடிவில்தான் நினைவகத்திலிருந்து வந்து சேரும். எழுதி முடியும்வரை காத்திராமல், வந்த கணத்திலேயே கூட்டும் பகுதிக்குக் குறுக்கு வழியாகக் கொடுத்துவிடும் ஏற்பாட்டுக்குத்தான் ஃபோர்வேடிங் என்று பெயர். அது இருந்தாலும் 5இல்தான் கூட்டலாம். ஒரு துடிப்பு வீண். ஃபோர்வேடிங் இல்லாவிட்டால், பதிவகத்தில் துடிப்பின் முதற்பாதியில் எழுதி இரண்டாம் பாதியில் வாசிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், 5இல் வாசித்து 6இல்தான் கூட்ட முடியும். இரண்டு துடிப்புகள் வீண்.

பாடத்தின் கால்வாசி இவ்வளவுதான். விளங்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஒன்பது கட்டளைகளைத் தந்து, நடுவில் ஒரு கிளைக் கட்டளையையும் (நிபந்தனையைப் பார்த்து வேறிடத்துக்குத் தாவச் சொல்வது) போட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் பிழையில்லாமல் நிரப்பச் சொன்னால், முன்பு இருபது தடவையாவது நிரப்பிய கைக்குத்தான் அது வரும். சைக்கிள் ஓடப் பழகியது போலத்தான் இதுவும். பலாலி வீதியில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து யாரும் பழகவில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே வந்ததும் ஆங்கிலத்தில் கேட்கிறோம். சிரமம் இலக்கணத்தில் இல்லை. சாதாரணச் சொற்களில் இருக்கிறது. ஹசார்ட் என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்தவர்கள் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, ஏதோ பழுதாகிவிட்டது என்று விடை எழுதியிருக்கிறார்கள். எதுவும் பழுதாகவில்லை, ஒரு கட்டளை உரிய துடிப்பில் நகர முடியாத நிலை, அவ்வளவுதான். கேஷ் (புரொசெசருக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) என்ற சொல்லை முதல் வாரம் முழுவதும் காசு என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது நானேதான் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் பாடநூல்த் தமிழ் இந்த இடங்களில் ஆங்கிலத்தைவிட நன்றாக வழிகாட்டுகிறது. பள்ளியில் தருக்கப் படலை என்று படித்தோம். படலை என்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கு விளங்காது? வேலிக்கு நடுவே திறந்தால் ஆள் போகலாம், சாத்தினால் போக முடியாது. இரண்டு படலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் இரண்டும் திறந்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாக இருந்தால் ஒன்று திறந்திருந்தால் போதும். கேஷுக்குப் பாடநூல் வைத்த பெயர் பதுக்கு நினைவகம். அந்தச் சொல்லின் பிரெஞ்சு வேருக்கும் மறைத்து வைத்தல் என்றுதான் பொருள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் யார் வீட்டில் பதுங்கியிருந்தன என்று தெரிந்த பெரியவர்களிடம் கேளுங்கள்: அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டிய தூரத்தில் ஒளித்து வைப்பது எவ்வளவு மிச்சம் என்று அவர்களே சொல்வார்கள். ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் கொப்பியில் எழுதி வையுங்கள். பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதலாம், தலைக்குள் தமிழில் ஓடட்டும்.

அடுத்த இடறல், இரண்டு வேறு விடயங்களை ஒன்றாக நினைப்பது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதுமாகப் பல இயந்திரங்கள். உள்ளே வேறு வேறு அமைப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதிலும் ஓட்டலாம். கட்டமைப்பு என்ற சொல் கணினித் துறையில் நிலைபெற்றது அந்த வேலையோடுதான்: நிரல் எழுதுபவருக்குத் தெரிகிற முகம் ஒன்று, உள்ளே அதை நடத்தி வைக்கிற இயந்திரம் வேறு. உங்கள் பாடத்தின் முதற்பாதி முகத்தைப் பற்றியது, பின்பாதி உள்ளிருப்பதைப் பற்றியது. பைப்லைன் முகத்தில் தெரியக் கூடாது. பைப்லைன் இருப்பதால் விடை மாறுமா என்று கேட்டால், மாறாது, மாறினால் அது பிழையான புரொசெசர் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் திருத்திய தாள்களில் பலர் சறுக்கிய இடம் இதுதான்.

இந்த இடத்தில் மூத்த மாணவர்கள் தரும் போட்டோப் பிரதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகள் பெரும்பாலும் மிப்ஸ் என்ற கட்டளைத் தொகுதியை வைத்து எழுதப்பட்டவை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹென்னெஸியின் குழு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இப்போது பல இடங்களில் பேர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க் ஃபைவுக்கு மாறிவிட்டார்கள். இரண்டும் சகோதரங்கள் மாதிரித்தான் இருக்கும். ஆனால் பழைய மிப்ஸில் கிளைக் கட்டளைக்கு அடுத்து நிற்கும் கட்டளை, கிளை எந்தப் பக்கம் போனாலும் நிறைவேறிவிடும். ரிஸ்க் ஃபைவில் அப்படி இல்லை. இதைக் கவனிக்காமல் பழைய விடையை அப்படியே இறக்கி வைத்தால், துடிப்பு எண்ணிக்கை மட்டுமல்ல, விடையே பிழைத்துவிடும். ஒரு பிரிவில் பதினொரு பேர் ஒரே பிழையை ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். அந்தப் போட்டோப் பிரதியை எழுதியவர் யார் என்றுகூட எனக்குத் தெரியும்.

கடந்தகால வினாத்தாள்களை நான் வெறுக்கவில்லை. ரியூஷன் வகுப்புகளில் வளர்ந்த நமக்கு அதுதான் ஆயுதம். இணைந்த கணிதத்தில் அது கைகொடுத்தது, ஏனென்றால் அங்கே கேள்வி வகைகள் திரும்பத் திரும்ப வந்தன. இங்கேயும் வகை திரும்பி வரும், ஆனால் ஒரு பதிவக எண்ணை மாற்றினால் முழுக் கட்டமும் மாறிவிடும். ஆகவே விடையைப் பாடமாக்காமல், கேள்வியைக் கெடுத்துப் பாருங்கள். மூன்றாவது கட்டளையில் ப3க்குப் பதில் ப4 என்றிருந்தால்? ஃபோர்வேடிங்கை எடுத்துவிட்டால்? ஒரு வினாத்தாளை ஐந்து விதமாகக் கெடுத்துச் செய்தவருக்கு ஐந்து வருடத் தாளைப் பார்த்தவரைவிட அதிகம் தெரியும்.

சிமுலேட்டர்கள் பற்றியும் இதே எண்ணம்தான் எனக்கு. லொஜிசிம், ரைப்ஸ் போன்றவை நல்ல கருவிகள். ஆனால் ரைப்ஸில் பொத்தானை அழுத்தினால் கட்டம் தானாக நிரம்பிவிடும். தலை ஆட்டிக்கொண்டே இருக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது நினைவிருக்கும். அந்த வருடப் பிரிவினருக்கு மடிக்கணினியில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கையால் எழுதித் தரச் சொன்னோம், வேறு வழியில்லாமல். விளக்கு வெளிச்சத்தில் எழுதிய கட்டங்கள் வந்தன. ஒரு தாளில் மெழுகுகூடச் சொட்டியிருந்தது. நான் திருத்திய நான்கு வருடங்களில் பைப்லைன் கேள்வியை மிக நன்றாகச் செய்த பிரிவு அதுதான். மின்வெட்டுக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனாலும் அடுத்த வருடம் மின்சாரம் இருந்தபோதும் முதல் மூன்று பயிற்சிகளைத் தாளிலேயே வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

உங்களுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், வேலைக்குப் போன பிறகு ஒருநாளும் பைப்லைன் கட்டம் வரைய மாட்டீர்கள். பதுக்கு நினைவகம் அப்படியல்ல. அது நாளாந்தம் உங்கள் நிரலின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். இன்றிரவே செய்து பார்க்கக்கூடிய ஒன்று: சீ மொழியில் 4096க்கு 4096 அளவில் முழு எண் அணி ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். முதலில் கிடைவரிசையாக, பிறகு இரண்டு வட்டங்களையும் (லூப்) இடம் மாற்றி நிரலாக, அதாவது மேலிருந்து கீழாக. கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். என் மடிக்கணினியில் இரண்டாவது பல மடங்கு நேரம் எடுத்தது.

காரணத்தைத் தாளில் காணலாம். முதல்நிலைப் பதுக்கு நினைவகம் 32 கிலோபைட், ஒரு புளொக் (ஒரே தடவையில் கொண்டுவரும் துண்டு) 64 பைட், எட்டு வழி (ஒரு செட்டில் எட்டு புளொக்குகளுக்கு இடம்) என்று கொள்வோம். 32,768ஐ 64ஆல் பிரித்தால் 512 புளொக்குகள். எட்டு எட்டாகச் சேர்த்தால் 64 செட்டுகள். முகவரியின் கடைசி 6 பிட்டுகள் புளொக்குக்குள் இடத்தைச் சொல்லும், அடுத்த 6 பிட்டுகள் எந்தச் செட் என்று சொல்லும், மிச்சம் அடையாளம். ஒரு முழு எண் 4 பைட் என்பதால் ஒரு புளொக்கில் 16 எண்கள் வரும். கிடைவரிசையாகப் போனால் ஒருமுறை தவறவிட்டு, அடுத்த 15 எண்கள் கைக்குள்ளேயே கிடைக்கும். நிரலாகப் போனால் ஒவ்வோர் அடியும் 16,384 பைட் தாவல். அது 4,096இன் நான்கு மடங்கு. அதாவது கடைசி 12 பிட்டுகளும் மாறவே மாறாது. அப்படியென்றால் அந்த நிரலின் 4096 எண்களும் ஒரே செட்டுக்குள் வந்து முட்டுகின்றன, அங்கே இருப்பதோ எட்டு இடம். மற்ற 63 செட்டுகள் வெறுமையாகக் கிடக்க, ஒரு செட்டின் வாசலில் நல்லூர்த் தேர்த் திருவிழாக் கூட்டம். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசெசரில் பிரதான நினைவகத்துக்குப் போய்வர 100 நனோ செக்கன் என்றால், 300 துடிப்புகள் சும்மா நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கை முதன்முறை நானே போட்டு முடித்தது மறுபரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன்பு. அன்றைக்குத்தான் இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

ஊகித்து முன்கூட்டியே செய்வது பற்றிய அத்தியாயம் உங்களுக்கு இனித்தான் வரும். கிளை எந்தப் பக்கம் போகும் என்று புரொசெசர் ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். பிழைத்தால் செய்ததை எறிந்துவிடும். எறிந்த விடை முகத்தில் தெரியாது என்றுதான் எல்லோரும் பல வருடங்களாக நம்பியிருந்தார்கள். 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. விடையை எறிந்தாலும், ஊகத்தின்போது பதுக்கு நினைவகத்துக்குள் வந்த புளொக் அங்கேயே கிடக்கும். அதை அணுக எடுக்கும் நேரத்தை அளந்து இரகசியத்தைக் கண்டுபிடிக்கலாம். மேலே சொன்ன முகமும் உள்ளிருப்பதும் என்ற பிரிவினை எங்கே ஒழுகுகிறது என்று இதைவிட அழகாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சில பகுதிகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டின் நிரப்பி, துவித எண் மாற்றம் எல்லாம் பள்ளியில் செய்தவை; ஒரு மாலை போதும். அம்டாலின் விதி 1967இலிருந்து அப்படியே இருக்கிறது. நிரலின் 80 வீதத்தை எவ்வளவு வேகப்படுத்தினாலும் மொத்த வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது என்பதைக் கணக்காகச் செய்யத் தெரிந்தால் அந்தப் புள்ளிகள் உங்களுடையவை. சராசரி அணுகு நேரமும் அப்படித்தான்: தேடியது பதுக்கு நினைவகத்தில் கிடைத்தால் 1 துடிப்பு, தவறினால் மேலதிகமாக 100, நூற்றுக்கு 5 தடவை தவறும் என்றால் சராசரி 6 துடிப்பு.

31 புள்ளியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். இடைப் பரீட்சையின் பங்கு எவ்வளவு என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். எங்கள் காலத்தில் அது இறுதித் தாளை மூழ்கடிக்கும் அளவுக்கு இருக்கவில்லை. அறைத் தோழியர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டளைகளை எழுத, மற்றவர் கட்டத்தை நிரப்ப, மூன்றாமவர் பிழை பிடிக்க வேண்டும். விளக்கம் சொல்வதற்குத் தடை போடுங்கள். பென்சில் மட்டும்.

தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன். ஐந்து கட்டளைகள், ஃபோர்வேடிங் உண்டு. நினைவகத்திலிருந்து ப1ஐ ஏற்று. ப1ஐயும் ப2ஐயும் கூட்டி ப3இல் வை. ப3ஐ நினைவகத்தில் எழுது. நினைவகத்திலிருந்து ப4ஐ ஏற்று. ப4ஐயும் ப3ஐயும் கூட்டி ப5இல் வை. கட்டத்தை நிரப்பினால் 11 துடிப்பு வர வேண்டும். வராவிட்டால் மேலே உள்ள இரண்டு கட்டளை உதாரணத்துக்குத் திரும்பிப் போங்கள். வந்தால், நான்காவது கட்டளையைத் தூக்கி இரண்டாவது இடத்தில் வைத்து மறுபடி நிரப்புங்கள், 9 வரும். பிறகு ஒரு கேள்வி: அப்படித் தூக்கி வைப்பது எப்போதும் சரியா? மூன்றாவது கட்டளை எந்த முகவரியில் எழுதுகிறது என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?